மரம் நட்ட சிரிப்பு நடிகர்

(கல்முனைக் கடற்கரையைப் பார்க்க வந்திருந்த தோட்டக் குடும்பங்களின் ஒன்றுகூடலில், இப்பகுதியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை. அவர் பேசியதை அவருடைய நடையிலேயே, கொஞ்சம் சுருக்கித் தருகிறோம்.)



 

விடியச் சாமத்தில் மலையில் பஸ் ஏறி, அம்பாறை வழியாக இறங்கி, இந்தக் கடலைப் பார்க்க வந்திருக்கிறீங்க. இதுதான் முதல் தடவை கடலைப் பார்க்கிறேன் என்று சொன்ன பிள்ளைகள் இங்கே நிறையப் பேர். நீங்க கடலைக் கண்டு குதித்ததைப் பார்த்து, நாங்க எங்கட கடலைப் புதுசாய் ஒரு தரம் பார்த்துக்கொண்டோம். அதுக்கு முதலில் நன்றி.

காலையில் மணலில் நடக்கும்போது ஒரு சின்னப் பிள்ளை என்னிடம், "இது என்ன மரம் சேர்?" என்று கேட்டது. "சவுக்கு மரம் மகள்" என்றேன். பின்னால் வந்த அந்தப் பிள்ளையின் பாட்டி உடனே, "இது சவுக்கு இல்லீங்கய்யா. சவுக்கு எங்க மலையிலதான் நிக்குதுங்க" என்றார். சிரிப்புத்தான் வந்தது. ரெண்டு பேர் சொன்னதும் சரிதான். கடற்கரையில் காற்றுக்கு நிற்கிற ஊசி இலை மரத்தை நாங்க சவுக்கு என்கிறோம். தேயிலைக்கு நிழல் தருகிற மரத்தை நீங்க சவுக்கு என்கிறீங்க. மரம் வேறு, பேர் ஒன்று. செய்கிற வேலையும் ஏறக்குறைய ஒன்றுதான். இது மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. அது மலையைப் பிடித்து வைத்திருக்கிறது.

இன்றைக்கு உங்களோடு பேசச் சொல்லி எனக்குத் தரப்பட்ட விஷயமும் மரத்தைப் பற்றியதுதான். மரம் நட்ட ஒரு நடிகரைப் பற்றியது. நடிகர் விவேக்.

பேரைச் சொன்னதுமே பிள்ளைகள் சிரிக்கிறீங்க! நல்லது. அவர் பிறந்ததே அதுக்குத்தான்.

எழுதுவினைஞராய் இருந்தவர்

விவேக்கின் முழுப்பெயர் விவேகானந்தன். 1961ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் திகதி பிறந்தார். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கத்துப் பெருங்கோட்டூர். அந்தக் காலத்தில் அது திருநெல்வேலி ஜில்லா. இங்கே இருக்கிற பெரியவர்களில் சில பேருக்கு அந்த ஊர்ப்பெயர்கள் காதில் விழுந்திருக்கும். உங்கட பாட்டன், பூட்டன் மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம், திருச்சி, சேலம் என்று வந்த வழியில் அதுவும் ஒன்று.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வணிகம் படித்தார். பிறகு சென்னைத் தலைமைச் செயலகத்தில் வேலை. காலையில் கோப்பைத் திறந்து மாலையில் மூடுகிற உத்தியோகம். மாதச் சம்பளம், வயதானால் பென்ஷன். எங்கட வாப்பாமார், உங்கட அப்பாமார் பிள்ளைக்குக் கேட்டுத் துஆ செய்கிற, நேர்த்தி வைக்கிற வேலை அதுதானே! ஆனால் வேலை முடிந்த பிறகு சென்னையில் ஒரு நகைச்சுவை மன்றத்துக்குப் போய் மேடையில் பேசுவார். அந்த மன்றத்தின் வழியாக இயக்குநர் கே. பாலசந்தரின் அறிமுகம் கிடைத்தது. 1987இல் வந்த 'மனதில் உறுதி வேண்டும்' படத்தில் முதலில் நடித்தார்.

அதன் பிறகு உடனே பெரிய ஆளாகிவிடவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் சின்னச் சின்ன வேஷம். கவுண்டமணி, செந்தில், வடிவேலு என்று பெரிய சிரிப்பு நடிகர்கள் இருந்த காலம் அது. ரெண்டாயிரமாம் ஆண்டை ஒட்டித்தான் விவேக் வீட்டுக்கு வீடு தெரிந்த முகமானார். 'மின்னலே', 'ரன்', 'சாமி', 'அந்நியன்', 'சிவாஜி' என்று நீங்களே வரிசையாய்ச் சொல்லுவீங்க. 200க்கு மேற்பட்ட படங்களில் நடித்தார். 2009இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது கொடுத்தது.

அவரைச் 'சின்னக் கலைவாணர்' என்று சொல்லுவார்கள். பெரிய கலைவாணர் யார் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது, பாட்டிமாருக்குத் தெரியும். என்.எஸ். கிருஷ்ணன். சிரிக்க வைத்துச் சிந்திக்க வைத்தவர். அந்தப் பட்டம் விவேக்குக்கு ஏன் வந்தது? மூட நம்பிக்கை, இலஞ்சம், சாதிப் பெருமை எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒரு படத்தில் லொறி ஓடுவது இயந்திரத்தாலா, முன்னால் கட்டின எலுமிச்சம்பழத்தாலா என்று கேட்டுச் சிரிக்க வைப்பார். மேடை போட்டுச் சொன்னால் சனம் கோபப்படுகிற விஷயத்தை, கொட்டகையில் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனது.

இராமேஸ்வரத்துப் பெரியவர்

இனித்தான் மரத்துக்கு வருகிறேன்.

டாக்டர் அப்துல் கலாமை உங்கள் எல்லாருக்கும் தெரியும். 1931இல் இராமேஸ்வரத்தில் ஒரு சாதாரண முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். வாப்பா படகு வைத்திருந்தவர். சின்ன வயதில் பத்திரிகை விற்றுப் படித்தார். விஞ்ஞானியாகி, 2002 முதல் 2007 வரை இந்தியாவின் ஜனாதிபதியாக இருந்தார். இராமேஸ்வரம் என்றால் உங்களுக்கு அது வெறும் ஊர்ப்பெயர் இல்லை. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு, தலைமன்னாரில் கப்பலேறி அந்தக் கரையில் போய் இறங்கின மாமா, சித்தப்பா, அத்தைமார் எத்தனை பேர்! இங்கே இருக்கிற எத்தனை குடும்பத்தில் பாதிப் பேர் அங்கே, பாதிப் பேர் இங்கே!

விவேக்குக்குக் கலாம் மீது பெரிய பக்தி. தொலைக்காட்சிக்காக அவரைப் பேட்டியும் கண்டிருக்கிறார். பூமி சூடாகிக்கொண்டு வருகிறது, மரம் நடுங்கள், நீங்கள் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள் என்பதுதான் கலாம் அவருக்குச் சொன்னதன் சாரம். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் விவேக் வேலையைத் தொடங்கினார். அதுக்குப் பெயர் 'கிரீன் கலாம்'. இலக்கு ஒரு கோடி மரம்.

ஒரு கோடி என்றால் சும்மாவா? ஒரு நாளைக்கு ஆயிரம் கன்று நட்டாலும், ஒரு நாளும் விடாமல் 27 வருஷத்துக்கு மேல் நட வேண்டும். பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பாருங்க! தனி ஆளால் ஆகிற காரியம் இல்லை. அதனால் அவர் பாடசாலைக்கும் கல்லூரிக்கும் போனார். பிள்ளைகளின் கையில் கன்றைக் கொடுத்தார். நடிகரைப் பார்க்க வந்த கூட்டம் மண்வெட்டி பிடித்தது. படத்துக்குக் கூட்டம் சேர்க்கிற முகத்தை அவர் மரத்துக்குக் கூட்டம் சேர்க்கப் பாவித்தார்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மரங்கள் அவருடைய வளவில் நின்றவை இல்லை. பள்ளிக்கூட மைதானம், றோட்டோரம், குளக்கரை. நட்டவர் ஒருவர், நிழல் காய்கிறவர் வேறொருவர். எங்கட மார்க்கத்தில் இதை ஸதக்கா என்று சொல்லுவோம். நட்ட மரத்தில் ஒரு குருவி கொத்தித் தின்றாலும் நட்டவருக்கு அது தர்மம். உங்கட ஊர்களில் கோயிலடியில் அரசும் வேம்பும் நட்டு வைத்த பெரியவர்கள் எண்ணியதும் இதுதான்.

மகனை இழந்த வருஷம்

2015ஆம் ஆண்டு விவேக்குக்குப் பொல்லாத ஆண்டு. யூலை 27ஆம் திகதி கலாம் ஷில்லோங் நகரில் மாணவர்களுக்குப் பேசிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்து காலமானார். அதே ஆண்டு ஒக்டோபரில் விவேக்கின் மகன் காய்ச்சலில் இறந்துபோனான். வயது 13.

அம்மாமாரே, பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்குத்தான் அது விளங்கும். நான் அதைப் பத்திரிகையில் படித்த அன்றைக்கு இரவு நித்திரை கொள்ளவில்லை. ஏன் என்று சொல்லுகிறேன்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. நாங்க இப்போது இருக்கிற இந்த இடமெல்லாம் அப்போது வீடுகள். கடலில் இருந்து சத்தம் வந்தது. திரும்பிப் பார்க்கும்போது கடல் எழும்பி நிற்கிறது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று இந்தக் கரை முழுக்க அடித்துக்கொண்டு போனது. இலங்கையிலேயே ஆகக் கூடுதலான உயிர்களைக் கொடுத்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கு மேல். தமிழர், முஸ்லிம் என்று கடல் பார்க்கவில்லை.

தண்ணீர் என்னை இழுத்துக்கொண்டு போய் எங்கட ஒழுங்கை முனையில் நின்ற வேப்பமரத்தில் அடித்தது. நான் கொம்பைப் பிடித்துக்கொண்டேன். என் கையில் இருந்த சின்ன மகளை என்னால் பிடித்து வைத்திருக்க முடியவில்லை. அவளுக்கு ஆறு வயது.

அதுக்கு மேல் அதைப் பற்றி நான் பேசுவதில்லை. ஆனால் அந்த வேப்பமரத்தைப் பற்றிப் பேசுவேன். அதை யார் நட்டார் என்று பிறகு ஊரெல்லாம் விசாரித்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அது ஒருவருடைய வளவிலும் நிற்கவில்லை, ஒழுங்கையோரம் நின்றது. எப்போதோ, யாரோ ஒருவர், சொந்தமில்லாத மண்ணில் ஒரு கன்றை வைத்துத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். அவர் இல்லையென்றால் இன்றைக்கு உங்கள் முன்னால் நான் இல்லை.

மகன் போன பிறகு விவேக் மரம் நடுவதை நிறுத்தியிருக்கலாம். ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் நிறுத்தவில்லை. கொஞ்ச நாளில் திரும்பவும் பள்ளிப் பிள்ளைகளின் நடுவில் போய் நின்றார். தன் பிள்ளையின் வயதுப் பிள்ளைகளின் கையில் கன்றைக் கொடுக்கும்போது அவர் மனம் என்ன பாடு பட்டிருக்கும் என்று நான் யோசித்திருக்கிறேன். எனக்கு அவர் பெரிய மனிதராகத் தெரிந்தது அங்கேதான்.

"நிலம் யாருடையது?"

சுனாமிக்குப் பிறகு, கிழக்கில் கடலில் இருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று சட்டம் வந்தது. பிறகு அதைத் தளர்த்தினார்கள். ஆனால் அதுக்கிடையில் எங்கட சனம் கூடாரத்திலும் தகரக் கொட்டிலிலும் கிடந்தது. எங்களுக்கு ஒரு அடி மண் சொந்தமில்லை. அப்போதுதான் மனைவியிடம் சொன்னேன், "லயத்தில் இருக்கிற சனத்தின் கஷ்டம் இப்போதுதான் எனக்கு விளங்குது" என்று.

அந்த முகாமில், கூடாரத்துக்குப் பக்கத்தில் ஒரு முருங்கைக் கொம்பை ஊன்றினேன். பக்கத்துக் கூடாரத்துக் காக்கா கேட்டார், "மாஸ்டர், நாளைக்கு எழும்பச் சொன்னால் எழும்ப வேண்டிய இடத்தில் யாருக்கு நடுறீங்க?" எனக்குப் பதில் தெரியவில்லை. ரெண்டு வருஷத்தில் எழும்பச் சொன்னார்கள், எழும்பினோம். மரம் நின்றது. அடுத்து வந்த குடும்பம் அதில் கீரை ஒடித்தது. பதில் அதுதான்.

தோட்டத்துப் பெரியவர்களே, உங்களிடம் மரம் நடுங்கள் என்று சொல்ல வருகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். லயம் உங்களுக்குச் சொந்தமில்லை. மலை உங்களுக்குச் சொந்தமில்லை. தேயிலையும் அதுக்கு நிழல் மரமும் நட்டது உங்கட பாட்டன்மார், ஆனால் ஒரு மரமும் அவர்கள் பெயரில் இல்லை. நிலத்துக்கான உரிமையை நீங்க கேட்க வேண்டும், கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அது கிடைக்கும் வரைக்கும் மரம் காத்திருக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. ஏனென்றால் மண்சரிவு காத்திருக்கவில்லை.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29, கொஸ்லந்தை மீரியபெத்தை. காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன நேரம், லயங்களின் மேல் மலை இறங்கியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது மலைநாட்டில் எத்தனையோ இடத்தில் மண் சரிந்தது. நாடு முழுக்க 600க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. எங்களுக்குக் கடல், உங்களுக்கு மலை.

உள்ளதைச் சொல்ல வேண்டும். மரம் எல்லாவற்றையும் தடுத்துவிடாது. பெரிய சுனாமியைச் சவுக்குத் தோப்பு நிறுத்தாது. ஆழத்தில் இருந்து மலை பெயர்ந்தால் எந்த வேரும் பிடிக்காது. ஆனால் மேல்மண்ணை வேர் பிடிக்கும். மழை அடித்து மண்ணைக் கரைப்பதை இலை தடுக்கும். ஓடை கரையை அரிப்பது குறையும்.  அதனால் மரமும் வேண்டும், கவனமும் வேண்டும். நிலத்தில் புது வெடிப்பு, நேராய் நின்ற மரம் அல்லது கம்பம் சாய்வது, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கி வருவது அல்லது நின்றுபோவது, சுவரில் வெடிப்பு, கதவு இறுகுவது, இவையெல்லாம் மலை கொடுக்கிற நோட்டீஸ். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை வந்தால், சாமான் சட்டியைப் பார்க்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறுங்கள்.

நடும்போதும் யோசித்து நடுங்கள். லயத்தின் சுவரோடு ஒட்டிப் பெரிய மரம் வேண்டாம். ஊற்றுக்குப் பக்கத்தில் தண்ணீரை நிறைய உறிஞ்சுகிற யூக்கலிப்டஸ் வேண்டாம். ஓடைக்கரையில் மூங்கில், வேலியில் முள்முருக்கு, வாசலில் கொய்யாவோ பேரிக்காயோ அந்தந்த உயரத்துக்கு ஒத்ததை வையுங்கள். வெட்டிவிட்ட சரிவில் வெறும் மண் தெரிய விடாமல் புல்லாவது வையுங்கள். முக்கியமாக, நட்டுப் படம் எடுத்துவிட்டுப் போகிறதில் பிரயோசனம் இல்லை. முதல் ரெண்டு வருஷம் தண்ணீர் ஊற்றி, ஆடு மாடு கடிக்காமல் பார்த்தால்தான் அது மரம். இல்லையென்றால் அது குச்சி.

பெண்களின் கை

கொழுந்து பறிக்கிற அம்மாமாருக்கு ஒரு விஷயம். கென்யாவும் தேயிலை நாடுதான். அங்கே வங்காரி மாத்தாய் என்று ஒரு அம்மா இருந்தார். 1977இல் கிராமத்துப் பெண்களைச் சேர்த்து மரம் நடத் தொடங்கினார். விதை எடுத்து, நாற்று வளர்த்து, நட்டது எல்லாம் ஏழைப் பெண்கள். பிழைத்த கன்றுக்கு ஒரு சின்னத் தொகையும் அவர்களுக்குக் கிடைத்தது. கோடிக்கணக்கான மரங்கள் நின்றன. 2004இல் அவருக்கு நோபல் சமாதானப் பரிசு கொடுத்தார்கள். எங்களைக் கடல் அடித்த அதே மாதம்தான் அந்தப் பரிசைக் கையில் வாங்கினார். செடியின் தளிரைப் பார்த்து அதன் உடம்பைச் சொல்லக்கூடிய கை உங்களுடையது. உங்களுக்கு நாற்று வளர்க்க ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிளாஸ்டிக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் ஒரு தரம் பாவித்து எறிகிற பிளாஸ்டிக் பொருட்களைத் தடை செய்தபோது, அந்தப் பிரசாரத்திலும் விவேக் பங்கெடுத்தார். எங்கட நாட்டிலும் 2017 செப்டெம்பரில் லன்ச் சீற்றைத் தடை செய்தார்கள். ஆனாலும் குப்பை குறைந்தபாடில்லை. இதே அம்பாறை மாவட்டத்தில் பள்ளக்காடு என்ற இடத்தில், ஊர்களின் குப்பை கொட்டுகிற மேட்டுக்கு யானைகள் வந்து பொலித்தீனையும் சேர்த்துத் தின்கின்றன. எட்டு வருஷத்தில் சுமார் 20 யானைகள் செத்ததாக 2022இல் செய்தி வந்தது. அந்தக் குப்பையில் எங்கட கல்முனைப் பக்கத்துப் பைகளும் உண்டு. இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். ஆனாலும் சொல்ல வேண்டும். இன்றைக்கு நீங்க சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தது வாழையிலையில். உங்களைப் பார்த்து நாங்கதான் படிக்க வேண்டும்.

விட்டுப்போனது

2021ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் திகதி விடியற்காலையில், மாரடைப்பால் விவேக் சென்னையில் காலமானார். வயது 59. கொரோனாக் காலம் அது. அவர் போகும்போது 33 இலட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் நட்டாயிற்று என்று செய்திகள் சொல்லின. ஒரு கோடி ஆகவில்லை. ஆனால் அவருக்கு அஞ்சலி செலுத்தியவர்கள் மாலையோடு நிற்கவில்லை, ஊருக்கு ஊர் கன்று நட்டார்கள். அவர் வீடு இருந்த தெருவுக்கு 2022இல் அவருடைய பெயரை வைத்தார்கள்.

இன்னும் அறுபது இலட்சத்துக்கு மேல் மீதி இருக்கிறது. அதை நாங்க முடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்கு ஒன்று போதும்.

காலையில் என்னைத் திருத்தின பாட்டி எங்கே? ஆ, அங்கே! அம்மா, அடுத்த வருஷம் நான் உங்கட மலைக்கு வருகிறேன். நீங்க சொன்ன அந்தச் சவுக்கை எனக்குக் காட்டுங்கள். அதுக்குப் பக்கத்தில் உங்கட பேத்தி நட்ட கன்று ஒன்றும் நிற்க வேண்டும். மண் யாருடையது என்று கேட்டால், மரம் எங்களுடையது என்று சொல்லுங்கள். யார் கண்டது, ஒரு நாள் யாரோ ஒருவருக்கு அந்தக் கொம்பு தேவைப்படும்.

 வெயில் ஏற முன்னம் பிள்ளைகளை இன்னொரு தரம் கடலுக்குக் கூட்டிப் போங்கள். நல்ல கடல்தான். பயப்படத் தேவையில்லை.